பன்றிக்கு மயக்க ஊசி போடும்போது இதயத்தில் நடப்பது என்ன?

2022 ஆம் ஆண்டு ஆடி மாதம். டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. எமது பணித்தளத்தில் ஒரு குடும்பம், குடியிருந்த காணியை உரிமையாளர் திருப்பிக் கேட்டதனால், மீண்டும் ஒருமுறை இடம்மாற வேண்டியதாயிற்று. தட்டுமுட்டுச் சாமான்களோடு அவர்களின் பெண் பன்றியையும் லான்ட் மாஸ்ரர் பெட்டியில் கட்டி ஏற்றினோம். டீசல் நண்பகலில்தான் கிடைத்தது. எனவே பயணமும் நண்பகல் வெயிலில்தான் நடந்தது. வழி முழுவதும் அந்தப் பன்றி கயிற்றோடு மல்லுக்கட்டிக் கத்திக்கொண்டே வந்தது.

அந்தப் பன்றிக்குத் தொப்புளில் குடலிறக்கம் இருந்தது. சினைப்படுத்த முன்னர் சத்திரசிகிச்சை செய்தால் நல்லது என்று கால்நடை வைத்தியர் முன்பே கூறியிருந்தார். மறுநாள் காலையில் அவர் அப்பக்கம் வந்தார். "இரண்டு நாள் ஆறவிட்டுச் செய்வோம், ஃபாதர்" என்றார். எரிபொருள் இல்லாத காலத்தில் அவர் மறுபடி எப்போது வருவாரோ என்ற அவசரம் எமக்கு. "பன்றி நன்றாக இருக்கிறது, இன்றே செய்துவிடுங்கள்" என்று வற்புறுத்தினோம். நிறை எவ்வளவு என்று கேட்டார். கண்மதிப்பில் 65 கிலோ என்றோம்.

மயக்க ஊசி போட்டு இருபது நிமிடத்துக்குள் பன்றியின் மூச்சு ஆழம் குறைந்தது. முரசு வெளிறியது. வைத்தியர் நெஞ்சை அழுத்தி, மருந்து கொடுத்து, தம்மால் இயன்றதெல்லாம் செய்தார். பன்றி எழும்பவில்லை. பிறகுதான் அந்த வீட்டு அக்கா அழுதபடி சொன்னார்: "சுவாமி, நேற்று மத்தியானம் தொடக்கம் அது தண்ணியும் குடிக்கேல்லை. சொன்னால் டொக்டர் போயிடுவார் எண்டு பயந்து சொல்லாமல் விட்டிட்டன்."

நூலால் அளந்து பார்த்தபோது பன்றியின் நிறை ஏறத்தாழ 53 கிலோதான். இறைச்சியையாவது விற்கலாமா என்று கேட்டார்கள். மருந்து ஏறிய உடல் என்பதனால் அதுவும் முடியாது என்று ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம். அந்தக் குடும்பத்தின் ஒரே சேமிப்பு அந்தக் குழிக்குள் போயிற்று.

ஊசியில்தான் பிழை என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது நியாயமான பேச்சு அல்ல. அவசரப்படுத்தியவர்களும் நிறையைப் பிழையாகச் சொன்னவர்களும் நாமே. அன்று மாலை வைத்தியர் எமக்குப் பொறுமையாக விளக்கியவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இடம்பெயர்ந்து பிறர் காணியில் இருந்துகொண்டு ஒன்றிரண்டு பன்றிகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்த விளக்கம் அவசியம் என்று கருதுகிறோம்.

கிணறு, இயந்திரம், வாய்க்கால்

குருதிச் சுற்றோட்டத்தை விளங்கிக்கொள்ளத் தோட்டம் இறைக்கும் எமக்கு ஒரு நல்ல உவமை உண்டு. கிணற்றில் தண்ணீர் இருக்கவேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் ஒழுங்காக ஓடவேண்டும். வாய்க்கால்கள் அளவான அகலத்தில் இருக்கவேண்டும். இம்மூன்றும் சரியாக இருந்தால்தான் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் சென்று சேரும்.

உடலில் இயந்திரம் என்பது இதயம். கிணற்றுத் தண்ணீர் என்பது குருதி. வாய்க்கால்கள் என்பவை குருதிக் குழாய்கள். குருதி குழாய்ச் சுவரின்மீது செலுத்தும் விசையையே குருதியமுக்கம், அதாவது பிரஷர், என்கிறோம். இயந்திரம் களைத்தாலும் அமுக்கம் குறையும். தண்ணீர் வற்றினாலும் குறையும். எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டாலும் குறையும். அமுக்கம் அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேராது. இதயத் தசைக்குரிய குருதியும் அதே அமுக்கத்தினால்தான் தள்ளப்படுகிறது. ஆகவே அமுக்கம் விழும்போது இயந்திரமே தனக்குரிய எண்ணெயை இழக்கிறது.

மயக்க மருந்துகள் ஒவ்வொன்றும் இம்மூன்றில் ஏதோ ஒன்றையோ பலவற்றையோ தொடுகின்றன. மயக்கம் தருவதும் இதயத்தைத் தொடாததுமான மருந்து என்று ஒன்று இல்லை என்றே கொள்ளலாம். எந்த மருந்து எதை எவ்வளவு தொடுகிறது, அந்தப் பன்றி அதைத் தாங்குமா என்பதே கேள்வி.

பன்றியின் இதயம் சிறியது

பன்றியைப் பார்த்தால் பலசாலி என்று தோன்றும். ஆனால் அதன் உடம்புக்கு அதன் இதயம் சிறியது. 100 கிலோ நிறையுள்ள இறைச்சிப் பன்றியின் இதயம் ஏறத்தாழ 300 முதல் 400 கிராம் வரையே இருக்கும். 70 கிலோ நிறையுள்ள மனிதரின் இதயமும் ஏறக்குறைய 300 கிராம். அதிக இறைச்சி வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்ததனால் தசை பெருகியது. இதயம் அதே அளவுக்குப் பெருகவில்லை. எனவே ஓட்டம், வெயில், பயம், சண்டை ஆகியவற்றைத் தாங்கும் மேலதிக பலம் பன்றிக்குக் குறைவு.

குருதியும் அப்படியே. ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 60 முதல் 70 மில்லி லீற்றர் குருதி உண்டு. 50 கிலோப் பன்றிக்கு மூன்று, மூன்றரை லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் முழுதும் தண்ணீர் குடிக்காவிட்டால் இந்தக் கிணற்றின் மட்டம் இறங்கிவிடும்.

மேலும் பன்றி எம்மைப்போல் வியர்த்து உடற்சூட்டைத் தணிக்க முடியாது. சேற்றில் புரள்வதும் வாயால் இளைப்பதும்தான் அதற்குள்ள வழிகள். மயங்கிக் கிடக்கும் பன்றிக்கு அந்த இரண்டு வழியும் இல்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பன்றியின் இதயம் அமைப்பில் மனித இதயத்தை மிகவும் ஒத்தது. 1965 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பன்றியின் இதய வால்வு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டு தை மாதம் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக வைத்தியர்கள், பரம்பரை அலகு மாற்றப்பட்ட ஒரு பன்றியின் இதயத்தையே ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதங்கள் உயிர் வாழ்ந்தார். இவ்வாறான ஒற்றுமையினால் ஆய்வுகூடங்களில் பன்றிகளுக்குப் பலமுறை மயக்க மருந்து கொடுத்து, இதயத் துடிப்பையும் அமுக்கத்தையும் அளந்திருக்கிறார்கள். எமது கொட்டிலில் உள்ள பன்றிக்கு எது நடக்கும் என்பதை அந்த அளவீடுகளிலிருந்தே இன்று அறிகிறோம்.

ஏன் ஊசி?

பெரிய வைத்தியசாலைகளில் வாயு மூலம் மயக்கம் கொடுக்கும் இயந்திரம் உண்டு. அங்கே ஒட்சிசனும் உண்டு, மின்சாரமும் உண்டு. கொட்டில் ஓரத்தில் அவை இல்லை. ஆகையால் கிராமத்தில் ஊசி மருந்தே வழி. வாயுவை நிறுத்தினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். ஊசியால் உள்ளே போனதை மீள எடுக்க முடியாது. உடலே அதைக் கரைத்து வெளியேற்றவேண்டும். இந்தக் காரணத்தினால்தான் அளவு முதலிலேயே சரியாக இருக்கவேண்டும் என்கிறோம்.

பன்றிக்கு ஊசி போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தோலுக்குக் கீழே தடித்த கொழுப்பு இருப்பதனால் நாளங்கள் கண்ணுக்குத் தெரியா. காதின் பின்புறத்து நாளம் ஒன்றே எளிதில் அகப்படும். எனவே பெரும்பாலும் காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில் ஊசி போடுவார்கள். ஊசி குட்டையாக இருந்தால் மருந்து தசைக்குப் போகாமல் கொழுப்பில் தங்கிவிடும். கொழுப்பில் குருதியோட்டம் குறைவு. எனவே மருந்து ஏறச் சுணங்கும். "மருந்து பிடிக்கவில்லை" என்று நினைத்து இரண்டாம் முறை போட்டால், சிறிது நேரத்தில் இரண்டும் ஒன்றாக வந்து இதயத்தில் இறங்கும். பெரிய பன்றிக்கு ஒன்றரை அங்குல நீள ஊசியை வைத்தியர் எடுப்பது இதற்காகத்தான்.

மருந்துகளும் அவற்றின் போக்கும்

1. கெற்றமின்

1962 இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டு, 1970 இல் மனிதர் பாவனைக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து இது. எமது வைத்தியசாலைகளில் மனிதருக்கும் கொடுக்கப்படுகிறது. மற்ற மயக்க மருந்துகள் இதயத்தைத் தளர்த்துகையில், இது துடிப்பையும் அமுக்கத்தையும் உயர்த்துகிறது. எனவே இது பாதுகாப்பான மருந்து என்று பெயரெடுத்தது.

ஆனால் இந்த உயர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். கெற்றமின் இதயத்துக்கு நேரே பலம் கொடுப்பதில்லை. அது நரம்பு மண்டலத்தைத் தூண்டி, உடலில் சேமித்து வைத்திருக்கும் அதிரினலீன் போன்ற சுரப்புகளை வெளிவிடச் செய்கிறது. அந்தச் சுரப்புகள்தான் இதயத்தை விரட்டுகின்றன. இதயத் தசையின்மீது கெற்றமினின் நேரடி விளைவு உண்மையில் தளர்ச்சியே. சேமிப்பு இருக்கும்வரை அந்தத் தளர்ச்சி வெளியே தெரியாது.

உழைத்துக் களைத்த எருதை நினைத்துக்கொள்ளுங்கள். தின்று இளைப்பாறிய எருதுக்குத் துவரங்கம்பைக் காட்டினால் எட்டி நடக்கும். நாள் முழுதும் உழுது விழும் நிலையில் இருக்கும் எருதை அடித்தால் படுத்துவிடும். பயத்தாலும் வெயிலாலும் போராட்டத்தாலும் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்த பன்றிக்குக் கெற்றமின் கொடுத்தால் விரட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. தளர்ச்சி மட்டுமே வெளிப்படும். எமது பன்றிக்கு நடந்தது இதுதான் என்று வைத்தியர் விளக்கினார்.

கெற்றமினைத் தனியே கொடுத்தால் தசை இறுகி இருக்கும், எழும்பும்போது பன்றி உதறித் துடிக்கும். ஆகவே வேறொரு மருந்தோடு சேர்த்தே கொடுப்பார்கள்.

2. சைலசின்

இது மயக்கத்தை ஆழமாக்கித் தசையையும் தளர்த்தும். இதயத்தில் இதன் போக்கு கெற்றமினுக்கு நேர்மாறானது. முதலில் வாய்க்கால்கள் சுருங்கும்; அமுக்கம் சற்று ஏறும். அதே நேரத்தில் துடிப்பு குறையும். பின்னர் அமுக்கமும் இறங்கும். ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளும் குருதியின் அளவு குறைந்துவிடும். கெற்றமின் துடிப்பை ஏற்றுவதனாலும் சைலசின் இறக்குவதனாலும் இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று ஓரளவு சமன் செய்யும். சேமிப்புத் தீர்ந்த பன்றியில் அந்தச் சமநிலை கிடைக்காது. அங்கே இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வீட்டு விலங்குகளுள் சைலசினுக்கு மிகக் குறைவாக மசிவது பன்றி. மிக விரைவில் மசிவது மாடு. பன்றிக்குப் போட்ட அளவைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதே நிறையுள்ள கன்றுக்குப் போட்டால் கன்று இறக்கக்கூடும். ஆட்டுக்கும் இதே ஆபத்து உண்டு.

சைலசினை முறிக்கும் மாற்று மருந்துகள் உண்டு. கெற்றமினை முறிக்கும் மாற்று மருந்து இல்லை.

3. அசபெரோன்

இது பெரும்பாலும் பன்றிகளுக்கே பாவிக்கப்படும் சாந்தப்படுத்தும் மருந்து. சண்டைபிடிக்கும் பன்றிகளை அடக்கவும், மயக்க மருந்துக்கு முன்னரும் கொடுப்பார்கள். கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வழக்கமான அளவு. வளர்ந்த ஆண் பன்றிக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால் ஆண்குறி வெளியே தள்ளப்பட்டுக் காயப்படக்கூடும்.

இது இதயத்தை அதிகம் தொடுவதில்லை. ஆனால் மடைகளைத் திறந்துவிடும். தோலுக்குப் போகும் வாய்க்கால்கள் விரிவதனால் அமுக்கம் இறங்கும். அதோடு உடற்சூடும் வெளியேறும். குளிர்காற்று வீசும் மார்கழி இரவில் குட்டிகளுக்கு இது ஆபத்து. ஊசி போட்டு இருபது நிமிடமாவது பன்றியைத் தொடாமலும் சத்தம் போடாமலும் விடவேண்டும். அந்த நேரத்தில் குழப்பினால் மருந்து சரியாக வேலை செய்யாது.

4. தயோபென்டோன்

1934 ஆம் ஆண்டு முதல் மனிதருக்குப் பாவிக்கப்பட்ட பழைய மருந்து. நாளத்தினூடாக மட்டுமே கொடுக்கலாம். நாளத்துக்கு வெளியே சிந்தினால் அந்த இடத்துக் காதுச் சதை அழுகிவிடும். ஒரு நிமிடத்துக்குள் மயக்கம் வரும். இதயத்தின் தள்ளும் பலத்தை இது நேரே குறைக்கிறது; வாய்க்கால்களையும் விரிக்கிறது; வேகமாகக் கொடுத்தால் மூச்சையும் நிறுத்தும். வைத்தியர் அளவில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து பார்ப்பது சுணக்கம் அல்ல, அதுவே முறை.

தண்ணீர் குறைந்து குருதி வற்றிய பன்றியில், கொடுத்த மருந்தின் பெரும்பங்கு மூளைக்கும் இதயத்துக்குமே போகும். நன்றாக இருக்கும் பன்றிக்குச் சரியான அளவு இதற்கு மிகையாகிவிடும். மெலிந்த குட்டிகள் எழும்பவும் அதிக நேரம் எடுக்கும். பால்போல் வெள்ளையாக இருக்கும் புறோப்போபோல் என்ற மருந்தும் அமுக்கத்தை இறக்கி மூச்சை மந்தமாக்கும். அதன் மயக்கம் மட்டும் விரைவில் தெளியும்.

5. லிக்னோகெயின்

இது மயக்க மருந்து அல்ல, விறைப்பு மருந்து. பல் பிடுங்கும்போது எமக்குப் போடுவது இதுதான். நலமடிக்கும்போதும் சிறு காயம் தைக்கும்போதும் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்யலாம். அளவோடு போட்டால் இதயம் தப்பும். தவறி நாளத்தினுள் போனாலோ அளவு மிஞ்சினாலோ வலிப்பு வரும். இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறும். சிறு குட்டிக்கு "இன்னும் கொஞ்சம்" என்பதே மிகையாகிவிடும்.

சூடு ஏறிச் சாகும் பன்றிகள்

சில பன்றிகளுக்குப் பரம்பரையாக ஒரு குறை உண்டு. ஹலோதேன் போன்ற மயக்க வாயு பட்டவுடன் அவற்றின் தசை விறைத்து, உடற்சூடு 42 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி, குருதியில் அமிலமும் பொற்றாசியமும் பெருகி, இதயம் ஒழுங்கு தவறி நின்றுவிடும். பியெற்றேன், லாண்ட்றேஸ் போன்ற இனங்களில் இக்குறை அதிகம் காணப்பட்டது. இதற்குக் காரணமான பரம்பரை அலகை 1991 ஆம் ஆண்டு கனடா நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

நாம் மேலே சொன்ன ஊசி மருந்துகள் பொதுவாக இதைத் தூண்டுவதில்லை. ஆனால் இக்குறையுள்ள பன்றிக்கு மருந்தே வேண்டாம். ஏற்றி இறக்குவதும் சண்டையும் வெயிலும் போதும். வால் நடுங்குதல், தோலில் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள், வாய் திறந்து இளைத்தல், நடக்க மறுத்தல் ஆகியன முதல் அடையாளங்கள். உங்கள் பன்றியோ அதன் தாயோ முன்னர் இவ்வாறு செய்திருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வைத்தியர் வருமுன் நாம் செய்யவேண்டியவை

1. ஆறவிடுங்கள். இடம் மாற்றிய பன்றிக்கு இரண்டு மூன்று நாளாவது ஓய்வு வேண்டும். அது வழமைபோல் தின்று, குடித்து, படுத்து உறங்கத் தொடங்கிய பின்பே சத்திரசிகிச்சை. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் மட்டும் விலக்கு.

2. அளவுங்கள். தராசு இல்லாவிட்டால் நூல் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவுங்கள். காதுகளுக்கு நடுவிலிருந்து முதுகு வழியாக வாலடி வரை நீளத்தை அளவுங்கள். இரண்டையும் மீற்றரில் எழுதுங்கள். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, பின் 69.3 ஆல் பெருக்கினால் கிலோக் கணக்கில் நிறை வரும். எமது பன்றியின் நெஞ்சளவு 0.88 மீற்றர், நீளம் 0.98 மீற்றர். கணக்குப் பார்த்தால் 52.6 கிலோ. நாம் சொன்னதோ 65. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான மருந்து மிகையாகப் போயிற்று.

3. தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். வளர்ந்த பன்றிக்கு முதல்நாள் இரவிலிருந்து தீனி வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் அது நெஞ்சை அழுத்தும். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். தண்ணீரை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்வரை வையுங்கள். பால்குடிக் குட்டிகளை நீண்டநேரம் பட்டினி போடக்கூடாது.

4. விடியற்காலையைத் தெரிவுசெய்யுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்கோலோ சாக்கோ விரித்து வையுங்கள். துரத்திப் பிடிக்காமல் பலகையால் மறித்து மெதுவாக ஒதுக்குங்கள்.

5. உண்மையைச் சொல்லுங்கள். சாப்பிட்டதா, குடித்ததா, இருமியதா, சினையா, வேறு மருந்து கொடுத்தீர்களா என்று வைத்தியர் கேட்பது குற்றம் காண்பதற்கல்ல. அவர் கணக்குப் போடுவது நாம் சொல்லும் விடயங்களை வைத்துத்தான்.

மயக்கத்தில் இருக்கும்போது

வைத்தியரின் கை கத்தியில் இருக்கும். எனவே வீட்டில் ஒருவர் பன்றியின் தலைமாட்டில் இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, கவனம் வேண்டும்.

முழங்கைக்குப் பின்னால் இடது நெஞ்சில் கை வைத்தால் துடிப்புத் தெரியும். வளர்ந்த பன்றிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முதல் 100 வரை. குட்டிகளுக்கு இதிலும் அதிகம். துடிப்பின் எண்ணிக்கையோடு அதன் பலத்தையும் கவனியுங்கள். முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். பிந்தினால் குருதியோட்டம் குறைகிறது. முரசு நீலம் பாரித்தால் ஒட்சிசன் போதாது. மூச்சை எண்ணுங்கள். பெரும்பாலும் முதலில் நிற்பது மூச்சு, பின்னரே இதயம். இடையில் உள்ள சில நிமிடங்களே காப்பாற்றும் நேரம். வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் பாருங்கள். 39 பாகை செல்சியசை ஒட்டியிருப்பது வழமை. ஏறினாலும் இறங்கினாலும் உடனே சொல்லுங்கள்.

பன்றியைக் கிடத்தும் விதமும் இதயத்தைத் தொடும். பெரிய பன்றியை மல்லாக்கக் கிடத்தினால், குடலின் பாரம் முதுகோடு ஓடும் பெருநாளத்தை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் குருதியைத் தடுக்கும். சினைப் பன்றியில் இது இன்னும் மோசம். சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கும்படி வைத்தியர் சொன்னால், கை வலித்தாலும் அப்படியே பிடியுங்கள்.

எழும்பும் வரை

தையல் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். பக்கமாகக் கிடத்தி, தலையை நீட்டி, வாய் நீர் வெளியே வழியவிடுங்கள். இரைச்சல் இல்லாத நிழலில் தனியே வையுங்கள். மற்றப் பன்றிகள் மயங்கிக் கிடப்பதைக் கடித்துக் குதறும். குட்டியைச் சாக்கால் போர்த்துங்கள். நீண்டநேரம் கிடந்தால் மற்றப் பக்கம் திருப்புங்கள். தள்ளாடாமல் நிற்கும்வரை தண்ணீரும் தீனியும் வேண்டாம்.

சிகிச்சை பெற்ற பன்றியை எத்தனை நாளுக்குப் பின் இறைச்சிக்கு விற்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மயக்கத்தில் இறந்த பன்றியை உண்ணவும் விற்கவும் வேண்டாம். நாய்களும் தோண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள். அந்த இறைச்சியைத் தின்ற நாயும் மயங்கும், இறக்கவும் கூடும். பசியோடு இருக்கும் குடும்பத்துக்கு இது கடினமான சொல் என்பதை அறிவோம். ஆயினும் சொல்லாமல் விட முடியாது.

இரண்டு வேண்டுகோள்கள்

முதலாவது, நலமடிப்பதைப் பிற்போடாதீர்கள். பிறந்து முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால் காயம் சிறிது, குருதி சிந்துவதும் குறைவு. ஐந்தாறு மாதம் வளர்த்து, வியாபாரி கேட்ட பிறகு செய்ய நினைத்தால், முழு மயக்கமும் அதன் ஆபத்துகளும் வந்து சேரும்.

இரண்டாவது, மிச்ச மருந்தை வைத்துக்கொண்டு "நானும் ஊசி போடுவேன்" என்பவரிடம் பன்றியைக் கொடுக்காதீர்கள். ஊசி ஏற்றுவது ஒரு நொடி வேலை. ஏறிய பின் இதயம் எப்படிப் போகிறது என்று அறிந்து, தளரும்போது தாங்கிப் பிடிப்பதே வைத்தியம். அதற்குப் படித்தவரே வேண்டும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் கூறிய உவமையை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஒரு பன்றிக்காக உட்கார்ந்து கணக்குப் பார்க்க அன்று எமக்குப் பொறுமை இருக்கவில்லை. அதன் விலையை நாம் கொடுக்கவில்லை, அந்த அக்காவே கொடுத்தார்.

அவர் பின்னர் மறுபடியும் பன்றி வளர்த்தார். இரண்டாம் ஈற்றுக் குட்டிகளில் ஒன்றுக்குக் குடலிறக்கம் இருந்தது. வைத்தியர் வந்த அன்று, நூலால் அளந்து எழுதிய துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, "டொக்டர், ராத்திரி மழைக்குக் கொட்டில் ஒழுகி இது படுக்கவேயில்லை. நாளையிண்டைக்குச் செய்வமோ?" என்று கேட்டவர் அவரே. வைத்தியர் பையை மூடிக்கொண்டு, சொன்ன நாளில் திரும்பி வந்தார். அந்தக் குட்டி எழும்பி நடந்தது.